அரை மணி நேரமா, ஒரு மணி நேரமா

1

முதல் வகுப்பில் இருந்தவர்கள்.

என் மனைவி செல்வி. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கூடக் கழுவவில்லை.

பெரியவள் சுகன்யா. பதினொரு வயது. அட்டை போட்ட புது நோட்டு வைத்திருந்தாள்.

சின்னவள் அபி. ஆறு வயது. முன்பல் இரண்டு இல்லை.

வீட்டுக்காரர் கன்னியம்மா. கம்ப்யூட்டர் அவர் மகனுடையது, கூடம் அவருடையது. அதனால் அவரும் இருந்தார்.

ஜோசபின் டீச்சர். புதுச்சேரியில் அவர் வீட்டில்.

நான். பிரான்சில், வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில், இரண்டு அறை வீட்டில், தனியாக.

முதல் நால்வரும் வல்லம் வடகாலில். அங்கே சாயங்காலம் ஆறரை. எனக்கு மதியம் மூன்று. பிள்ளைகளுக்கு பிரெஞ்சு வகுப்பு, கம்ப்யூட்டர் வழியாக. ஒரு மணி நேரம் என்று முடிவு செய்தது நான்.

மூன்று வருடம் ஆகிறது. இதை இப்போது எழுதக் காரணம் வரதன். ஒரகடம் கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் நின்றவன். அவனையும் இங்கே அனுப்பப் போகிறார்கள். போன வாரம் போன் செய்தான்.

"ண்ணா, பையனுக்கு பிரெஞ்சு கிளாஸ் போடலாம்னு கீறேன். அரை மணியா, ஒரு மணியா? நீ போட்ட ஆளாச்சே."

"இன்னா வயசு?"

"ஏழு."

"இருபது, இருபத்தஞ்சு நிமிஷம் போதும்."

"அவ்ளோதானா? பத்துமாண்ணா?"

"பத்தும்."

"நீ எவ்ளோ போட்ட?"

"ஒரு மணி."

சிரித்தான். "நீ மட்டும் ஃபுல் மீல்ஸு, எம் புள்ளைக்கு டிபனா?"

போனில் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதுகிறேன். அந்தப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்கள் வேறு யாராவது படித்தாலும் சரி.

2

நான் ஒன்பதாவது வரைதான். 2007-ல் ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தேன். வல்லம் வடகாலில் கன்னியம்மா வீட்டு மாடியில் வாடகைக்கு வந்தோம். செல்வி சீட் கவர் தைக்கிற கம்பெனிக்குப் போனாள்.

எங்கள் கம்பெனிக்கு பிரான்சில் ஒரு பழைய ப்ளாண்ட் உண்டு. அங்கிருந்து மெஷின்களைக் கழற்றி ஒரகடத்துக்குக் கொண்டுவர ஐந்து பேரை அனுப்பினார்கள். ஆறு மாதம் என்றார்கள். மூன்று பேர் திரும்பினார்கள். என்னையும் இன்னொருவரையும் நிறுத்திக்கொண்டார்கள். மெஷின் சத்தத்தை வைத்து எது போகப்போகிறது என்று சொல்வேன். அதற்குப் பேச்சு தேவையில்லை.

பேச்சு தேவைப்பட்டது சர்க்கார் ஆபீசில். குடும்பத்தை அழைக்க ஃபைல் போட வேண்டும். அங்கிருந்து ஒருவர் வந்து நான் அப்போது இருந்த ஒற்றை அறையை டேப் வைத்து அளந்தார். நான்கு பேருக்குப் பற்றாது என்று எழுதிக்கொண்டு போனார். இரண்டு அறை வீடு பிடிக்கிற வரை ஃபைலை ஓரமாக வைத்தார்கள். வீடு பிடித்து அதற்கான பேப்பரோடு போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னமோ கேட்டார். ஆமாம் என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் ஆமாம். எனக்கு அங்கே எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிப் பழக்கம். பழைய ஃபைலை ரத்து செய்துவிடவா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குக் கடிதம் வந்த பிறகு ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. முதலிலிருந்து வரிசை. நான்கு மாதம் போயிற்று.

பிள்ளைகள் இப்படிக் கவுண்டரில் நிற்கக் கூடாது என்று நினைத்தேன். பாஷை தெரியாமல் வந்தால் ஒரு வகுப்பு கீழே போட்டுவிடுவார்கள் என்று கூட வேலை செய்கிற ஒருவரும் சொன்னார். அவர் மகனுக்கு அப்படி ஆனது.

அப்படித்தான் டீச்சரைப் பிடித்தது.

3

டீச்சர் முதல் தடவை பேசியபோதே கேட்டார்.

"எவ்வளவு நேரம் வேணும் சார்? அரை மணி இருக்கு, முக்கால் மணி இருக்கு, ஒரு மணி இருக்கு."

"ஒரு மணி மேடம்."

"பெரியவளுக்குச் சரி. சின்னவளுக்கு ஆறு வயசுதானே? இருபத்தஞ்சு நிமிஷம் போதும். வாரத்துல ரெண்டு நாள் சின்னச் சின்னதா எடுத்தா நிக்கும்."

"ரெண்டு நாளும் ஒரு மணியே இருக்கட்டும்."

"உக்கார மாட்டா சார்."

"உக்காருவா."

கம்பெனியில் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போனால் அரை ஷிப்ட் போட்டுவிடுவார்கள். அரை ஷிப்ட் என்றால் லீவு மாதிரிதான். வேலை செய்ததாகவே யாரும் நினைக்க மாட்டார்கள். எட்டு மணி நேரம் முழுசாக நின்றால்தான் நின்றது. அதற்கு மேல் ஓ.டி. நின்றால் நல்ல ஆள். எனக்குத் தெரிந்த கணக்கு இதுதான். இருபத்தைந்து நிமிடத்தில் என்ன படிப்பு வரும் என்று நினைத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. டீச்சரிடம் சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை.

போனில் குரல் மட்டும்தான் கேட்கும். முகம் பார்க்க வேண்டுமென்றால் கன்னியம்மா வீட்டுக் கம்ப்யூட்டர்தான். சும்மா பேசுவதற்கு அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் உட்கார முடியாது. பாடம் என்றால் உட்காரலாம். ஏழரைக்கு அவர் மகன் ஷிப்ட் முடிந்து வந்துவிடுவான், பிறகு கம்ப்யூட்டர் அவனுக்கு. ஆறரையிலிருந்து ஏழரை வரை கிடைக்கும். மூன்று இடத்தில் இருப்பவர்களும் ஒருவரையொருவர் பார்க்கிற மாதிரி டீச்சர் இணைத்துக் கொடுப்பார். நானும் ஒரு மூலையில் இருக்கலாம்.

இருபத்தைந்து நிமிடம் என்று ஒப்புக்கொண்டால் அபியைப் பார்ப்பதும் இருபத்தைந்து நிமிடம்தான்.

4

எனக்குக் காலை ஐந்து மணி ஷிப்ட். ஒரு மணிக்கு முடியும். வந்து சோறு வைத்து, ஏதாவது குழம்பு வைத்து, தின்று, தட்டைக் கழுவி, மூன்றுக்கு உட்காருவேன். என் பக்கம் சத்தத்தை அடைத்துவிடுவேன். நான் பேச மாட்டேன். என் முகம் மட்டும் அவர்கள் திரையில் ஓரமாகத் தெரியும்.

டீச்சர் நன்றாகத்தான் நடத்தினார். சுகன்யா எழுதிக்கொண்டே இருந்தாள். அபி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியின் கம்பியைப் பார்த்தாள். பிறகு கன்னியம்மா உரிக்கிற பூண்டைப் பார்த்தாள்.

கன்னியம்மா அவளைவிட நன்றாகக் கற்றார். இரண்டாவது வாரம் சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோக்காரனுக்கு பொஞ்சூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாராம். "இன்னாமே திட்றியா?" என்று அவன் கேட்டானாம். செல்வி சொல்லிச் சிரித்தாள்.

முதல் வகுப்பிலேயே நான் போனில் இருக்கிற ஸ்டாப் வாட்சை எடுத்தேன்.

ஒரகடத்தில் புது லைன் போட்டால் முதல் வாரம் ஒரு என்ஜினியர் வந்து நமக்குப் பின்னால் நிற்பார். கையில் ஸ்டாப் வாட்ச், அட்டை, பேனா. ஒரு பீஸ் எடுத்து, மாட்டி, முடுக்கி, வைக்க எத்தனை செகண்ட் என்று எழுதுவார். அவர் நிற்கிறபோது யாரும் இயல்பாகச் செய்ய மாட்டோம். புது ஆட்கள் பதறுவார்கள், போல்ட்டைக் கீழே போடுவார்கள். பழைய ஆட்கள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வோம். இல்லாவிட்டால் அந்த வேகம்தான் நாளைக்கு டார்கெட். அவர் எழுதிக்கொண்டு போகிற நம்பர் எதுவும் உண்மை இல்லை என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஐந்து வருடம் நின்றவன்.

தெரிந்தும் செய்தேன். அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

அபி திரையைப் பார்த்தால் ஓட விடுவேன். பார்வை போனால் நிறுத்துவேன். முதல் வகுப்பில் பதினோரு நிமிடம். இரண்டாவதில் ஒன்பது. வகுப்பு முடிந்ததும் சத்தத்தைத் திறந்து சொல்வேன். சுகன்யா ஐம்பத்திரண்டு, அபி ஒன்பது. கம்பெனியில் லைன் பக்கத்தில் போர்டு இருக்கும். டார்கெட் இவ்வளவு, செய்தது இவ்வளவு. அதைப் பார்த்தால் அடுத்த நாள் கை வேகமாக ஓடும். அப்படி நினைத்துச் சொன்னேன்.

எட்டு. ஏழு. ஆறு.

ஆறாவது வகுப்பு முடிந்ததும் அபியே கேமரா பக்கம் வந்தாள்.

"அப்பா, இன்னிக்கு எத்தினி?"

"நாலு."

"போன தபா?"

"ஆறு."

தலையாட்டிவிட்டுப் போனாள். சாப்பிட்டாயா என்று கேட்க இருந்தேன். போய்விட்டாள்.

டீச்சர் தனியாகப் பேசினார். "சார், இருபத்தஞ்சு நிமிஷத்துல அவள விட்டுடலாமா? அதுக்கு மேல உடம்பு மட்டும்தான் உக்காந்திருக்கு."

"பழகிடும் மேடம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டேங்கறா சார். தமிழ்ல கேட்டாக்கூட."

"கூச்சம் மேடம்."

பிறகு செல்வி சொன்னாள். "ஏங்க, இஸ்கூல்லயும் இது வாயத் தொறக்கலையாம். மிஸ் கூப்ட்டு கேட்டாங்க, வூட்ல எதுனா பிரச்சனையான்னு. நான் ஒண்ணும் இல்லன்னேன்."

"ஒண்ணும் இல்லதான?"

"அதத்தான் சொன்னேன்ல?"

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் எண்ணினேன். ஒன்பதாவது வகுப்பில் இரண்டு. பத்தாவதில் அபி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முதுகு தெரிந்தது. சடையில் ரிப்பன் பச்சை. ஒரு மணி நேரமும் அதைப் பார்த்தேன்.

5

பதினோராவது வகுப்பு அன்று ஆபீசில் வரச் சொல்லியிருந்தார்கள். புது ஃபைலில் ஒரு கையெழுத்து. டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். மூன்று மணி அங்கேயே ஆகிவிட்டது. பிறகு நான்கு. வெளியே வந்து போன் போட்டேன். கன்னியம்மா எடுத்தார்.

"இன்னா முருகேசு, இன்னிக்கு ஆளக் காணும்?"

"ஆபீஸ் போயிருந்தேங்க்கா."

"நல்லதாப் போச்சு போ."

"ஏங்க்கா?"

"உம் பொண்ணு இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமா? டீச்சரம்மா பூனைப் படம் காட்னாங்க. இது நம்ம வூட்டுப் பூனைய தூக்கியாந்து கேமரா முன்னாடி வெச்சிடுச்சு. வாலுக்கு இன்னா பேரு, மீசைக்கு இன்னா பேரு, கேட்டுக் கேட்டு அவங்க பாஷைல சொல்லிச்சு. பூனை கைய பிராண்டிடுச்சு. அப்பவும் வுடல. பிராண்டறதுக்கு இன்னான்னு அதையும் கேட்டுச்சு."

"எவ்ளோ நேரம்?"



"தோ பாரு, இந்தக் கேள்விதான். நீ சூப்பர்வைசர் கணக்கா குந்திகினு டைம் பாத்துகினு கீறே. அது எப்டி பேசும்? எம் புள்ளையும் கம்பெனிக்குத்தான் போறான். சூப்பர்வைசர் பின்னாடி நின்னா ஒண்ணுக்குக் கூட வராதுன்றான்."

பஸ் நிறுத்தம் வரை நடந்தேன்.

"கோச்சுக்காதப்பா. பாத்ததச் சொன்னேன்."

"கோவம் இல்லக்கா."

போனை சுகன்யா வாங்கினாள். "இருபத்தாறு நிமிஷம்பா. நான் கடிகாரத்துல பாத்தேன்."

"நீ ஏம்மா பாத்த?"

"நீங்க கேப்பீங்கன்னுதான்."

பஸ் வந்தது. ஏறினேன்.

6

பன்னிரண்டாவது வகுப்பில், இனி எண்ண மாட்டேன் என்று அபியிடம் சொன்னேன். போனைத் தூரமாக வைத்ததைக் கேமராவில் காட்டினேன். சரி என்றாள். டீச்சர் ஆரம்பித்தார். அபி ஒரு வார்த்தை சொல்வாள், திரையின் ஓரத்தைப் பார்ப்பாள். அங்கேதான் என் முகம். மறுபடி ஒரு வார்த்தை.

"அப்பா, எண்ணலதான?"

"இல்லம்மா."

கொஞ்ச நேரம். "இப்ப?"

"இல்லம்மா."

நெட் சரியில்லை என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது.

அன்று டீச்சரிடம் பேசினேன். அபிக்கு இருபத்தைந்து நிமிடம், அதற்குப் பிறகு சுகன்யாவுக்குத் தனியாக முப்பத்தைந்து நிமிடம். நான் வர மாட்டேன்.

"சின்னவளுக்கு வராட்டிப் போதும் சார். பெரியவ நேரத்துல வாங்களேன்."

சுகன்யாவிடம் கேட்டேன்.

"உங்க இஷ்டம்பா."

எங்கள் வீட்டில் உங்கள் இஷ்டம் என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தம். செல்வியிடம் கற்றிருக்கிறாள்.

வகுப்பு முடிந்த பிறகு ஐந்து நிமிடம் முகம் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அதையும் எண்ணுவேன் என்று பயம்.

நான் விலகிய மூன்றாவது வாரத்தில் அபி பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டாள் என்று செல்வி சொன்னாள். பக்கத்துப் பெண்ணோடு சண்டை போட்டிருக்கிறாள். மிஸ் சந்தோஷப்பட்டாராம். டீச்சரும் எப்போதாவது போன் செய்வார், நன்றாகப் போகிறது என்பார்.

மதியம் மூன்று மணிக்கு எனக்கு வேலை இல்லை. வகுப்பு நடக்கிற செவ்வாயும் வியாழனும் ஓ.டி. கேட்டு வாங்கினேன். ஃபோர்மேனுக்கு ஆச்சரியம், அங்கே யாரும் கேட்டு வாங்குவதில்லை. மெஷின் பக்கத்தில் நின்றால் மணி தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அபியோடு போனில் பேசுவேன்.

"சாப்ட்டியா?"

"ம்."

"இன்னா சாப்ட்ட?"

"சாதம்."

"அம்மாகிட்ட குடு."

7

ஃபைல் கடைசியில் நகர்ந்தது. மூன்று பேரும் வந்தார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். அபி செல்விக்குப் பின்னால் நடந்து வந்தாள். முன்பல் இரண்டும் முளைத்திருந்தது. பெரிய பல். உள்ளே பாஸ்போர்ட் பார்த்தவர், யாரிடம் போகிறாய் என்று கேட்டாராம். செல்வி வாயெடுப்பதற்குள் அபியே பிரெஞ்சில் பதில் சொன்னாளாம். அப்பாவிடம் என்று. செல்விதான் இதைச் சொன்னாள். நான் கேட்கவில்லை, கண்ணாடிக்கு வெளியே இருந்தேன்.

அபியை அவள் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்தார்கள். சுகன்யாவை ஒரு வருடம் பாஷை வகுப்பில் வைத்திருந்தார்கள். அவளுக்கு எழுத வந்த அளவு பேச வரவில்லை.

இப்போது இரண்டு பேரும் அறைக்குள் பிரெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள். நான் உள்ளே போனால் தமிழுக்கு வருவார்கள். வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கடிதங்களை அபிதான் படித்துச் சொல்கிறாள். பாதி வரியை விட்டுவிடுகிறாள் என்று நினைக்கிறேன். "ஒண்ணும் முக்கியம் இல்லப்பா" என்பாள்.

வரதனுக்கு டீச்சர் நம்பர் வேண்டும். பழைய ஃபைலை எடுத்தேன். அளந்த பேப்பர், ரத்தான பேப்பர், வாடகைப் பேப்பர். நடுவில் டீச்சர் எழுதிக் கொடுத்த நான்கு தாள் இருந்தது. அபியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, என்ன படித்திருக்கிறாள் என்று இங்கே கேட்டதால் டீச்சர் அனுப்பியது. அன்றைக்கு நான் அதைப் பார்க்கவில்லை. அப்படியே நீட்டினேன், ஒரு நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் படித்தேன். வகுப்புக்கு ஒரு வரி. எந்த நாள், எதைப் பற்றிப் பேசினாள் என்று. எனக்கு பிரெஞ்சு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் அளவுக்கு வந்திருக்கிறது. காலையில் ஆரம்பித்தேன், செல்வி சாப்பிடக் கூப்பிடுகிற வரை ஆனது.

முதல் வகுப்புகளுக்கு எதிரில் டீச்சர் கோடு மட்டும் போட்டிருந்தார். பதினோராவதில் பூனை. பிறகு மழை. விழுந்த பல். ஷேர் ஆட்டோ. அம்மாவின் கம்பெனி பஸ். பக்கத்துப் பெண்ணோடு சண்டை. காய்ச்சல். அப்பா எங்கே இருக்கிறார். கன்னியம்மா வீட்டுக் கோழி. அப்பா என்ன வேலை செய்கிறார். அப்பா என்ற தலைப்பு நான்கு இடத்தில் வருகிறது.

அபி மேஜையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"அபி, அப்பாவப் பத்தி டீச்சர்கிட்ட இன்னா சொன்ன?"

தாளை வாங்கிப் பார்த்தாள். "இது எப்போ?"

"வல்லத்துல இருக்கும்போது."

"ஞாபகம் இல்லப்பா."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி சீவினாள்.

வரதனுக்கு டீச்சர் நம்பரை அனுப்பினேன். ஏழு வயசுக்கு இருபத்தைந்து நிமிடம், வாரத்தில் இரண்டு நாள், நீ கூட உட்காராதே என்று எழுதினேன். சரிண்ணா என்று பதில் வந்தது. உட்காருவான்.

தாளின் அடியில் மொத்த வகுப்பு போட்டிருந்தது. நூற்று இருபத்தெட்டு. அதில் நான் இருந்தது பதினொன்று. இல்லாததை விரல் வைத்து ஒவ்வொரு வரியாக எண்ணினேன்.

நூற்றுப் பதினேழு.